தவறிப்போன கணிப்பை அழிக்கலாமா? தன்னார்வ வானிலைக்காரர்களிடம் ஒரு கேள்வி

#1 பூண்டி_வானம் (திருத்துறைப்பூண்டி) · 2024 டிசம்பர் 4, இரவு 8.40

ஃபெஞ்சல் புயல் ஓய்ந்த கையோடு பலர் தங்கள் பக்கங்களை அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நவம்பர் 27 அன்று "இன்றிரவே புயலாகிவிடும்" என்று அடித்துச் சொன்ன பதிவுகளைக் காணவில்லை. 28 அன்று "இனி இது புயலாகாது, கதை முடிந்தது" என்று எழுதியவர்களும், 29 பிற்பகல் அது புயலான பிறகு, அவற்றை எடுத்துவிட்டார்கள். யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நானும் ஒரு முறை அழித்தவன்தான்.

2023 ஜனவரிக் கடைசி. எங்கள் பக்கத்தில் சம்பா முற்றி நின்றது. மூன்று ஊர்களுக்குச் சேர்த்து நான் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். பக்கத்து வயல் சித்தப்பாவுக்கு (ஊர் முறையில் சித்தப்பா) ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். பெல்ட் வண்டி (அறுவடை இயந்திரம்) அடுத்த ஊரில் அறுத்துக்கொண்டிருந்தது. சொன்னால் 31ஆம் தேதி இரவே இவர் வயலில் இறங்கிவிடும். ஆனால் கதிர் இன்னும் இரண்டு நாள் காய்ந்தால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரும், கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. "தம்பி, கடலில் ஏதோ நிற்கிறதாமே, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். ஐரோப்பியக் கணினி மாதிரியும் அமெரிக்கக் கணினி மாதிரியும் அந்தத் தாழ்வு மண்டலத்தை இலங்கைக்குள் கொண்டுபோய்ச் செருகின. நான் குழுவில் எழுதினேன்: "இலங்கைக்குப் போய்விடும். நமக்குத் தூறல்தான். பயப்பட வேண்டாம்."

அது இலங்கைக்குத்தான் போனது. பாதை சரி. ஆனால் மையம் தெற்கே போனாலும், அதன் வடக்குப் பக்கத்துக் கொண்டல் காற்று (கிழக்குக் காற்று) ஈரத்தையெல்லாம் அள்ளிவந்து டெல்டாவின் தலையில் கொட்டியது. பாதைக் கோட்டைப் பார்த்தேன், அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் மழை என்று பார்க்கவில்லை.

மழை விட்டபின் வயலில் இறங்கினோம். பயிர் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது. சித்தப்பா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நெல்லின் நுனியில் வெள்ளையாக, ஊசி முனை அளவுக்கு முளை. ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். பழக்கதோஷத்தில் கைப்பேசியை எடுத்தேன். பிறகு சட்டைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். அன்றிரவு அந்தப் பதிவை அழித்தேன்.

நமக்குச் சம்பளம் இல்லை, பதவி இல்லை, கேட்பார் இல்லை. தவறினால் பதிவை அழிப்பது சரியா? அதற்கும் முன்னால், நாம் எழுதத்தான் வேண்டுமா?

#2 வேகக்காற்று (சென்னை) · டிசம்பர் 4, இரவு 9.15

அண்ணா, நான் எதிர்க்கட்சி. அழிப்பதுதான் நல்லது. நான் ஒரு தடவை "நாளை சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை" என்று ஒரு பதிவு போட்டேன். ஒன்பது நாள் கழித்து, வெயில் கொளுத்தும் காலையில், அதே பதிவு என் அத்தை வழியாக எனக்கே வந்தது. கூடவே "பள்ளிக்கு விடுமுறையா?" என்ற கேள்வி. பழைய கணிப்பைச் சுற்றில் விட்டுவைப்பது, காலாவதியான மருந்தை அலமாரியில் வைத்திருப்பது போல.

#3 மழைமானி_மடிப்பாக்கம் · டிசம்பர் 4, இரவு 10.02

தம்பி வேகக்காற்று, நோய் உங்கள் பதிவில் இருந்த "நாளை" என்ற சொல்லில்தான் இருக்கிறது. நாளை என்றால் எந்த நாளை? எழுதும்போதே "டிசம்பர் 5 காலை 8.30 முதல் டிசம்பர் 6 காலை 8.30 வரை" என்று போட்டிருந்தால் உங்கள் அத்தை ஏமாந்திருக்கமாட்டார். முதல் வரியில் தேதி, எழுதிய நேரம், எதுவரை செல்லும் என்ற கெடு. இந்த மூன்றும் இல்லாத கணிப்பை நான் படிப்பதே இல்லை.

தவறினால் அழிக்கக் கூடாது என்பது என் கட்சி. மேலே ஒரு வரி சேர்த்து "இது தவறிவிட்டது, காரணம் இது" என்று எழுதிவிட்டு அப்படியே வைக்க வேண்டும். 2005 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு நான் மழைமானி வைத்தேன். அன்றிலிருந்து என் நோட்டில் அடித்தல் உண்டு, கிழித்த தாள் கிடையாது.

2021 டிசம்பர் 30 நினைவிருக்கிறதா? சென்னைக் கடலோரம் சில மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை. முந்தைய இரவு யாரும் அப்படி எழுதவில்லை, அதிகாரிகளும் சரி, நம்மைப் போன்றவர்களும் சரி. அன்று "எதிர்பார்க்கவில்லை" என்று எழுதி அப்படியே விட்டுவைத்தவர்களைத்தான் இன்றும் நான் தொடர்ந்து படிக்கிறேன்.

#4 தேங்காய்க்கீற்று (பேராவூரணி) · டிசம்பர் 5, காலை 6.20

இரவெல்லாம் படித்தேன். கஜா புயலை வைத்து ஒன்று சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை அது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. எச்சரிக்கை எங்களுக்கு நன்றாகவே வந்திருந்தது. தன்னார்வலர்கள் காரைக்கால் ராடார் படத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டிருந்தார்கள். புயலின் கண் எங்கே இருக்கிறது என்று எங்கள் ஊர்ப் பையன்களுக்குக்கூடத் தெரியும். ஆனால் தென்னையை என்ன செய்வது என்று ஒருவரும் எழுதவில்லை. முற்றிய காயைப் பறித்து, கனமான மட்டைகளைக் கழித்துவிட்டால் மரம் கொஞ்சமாவது தாங்கும். முந்தைய நாள் முழுவதும் எங்களுக்கு நேரம் இருந்தது. நாங்கள் ராடார் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலையில் பார்த்தால் தோப்பு முழுவதும் மரங்கள் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. என் அப்பா வைத்த மரங்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் காற்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன செய்வான்? அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வேலையை எழுதுங்கள். அது போதும்.

#5 குமரிக்கடல் · டிசம்பர் 5, இரவு 7.48

நான் கடல்காரன், கணிப்பாளன் இல்லை. இங்கே படிக்க மட்டும் வருவேன். இன்று எழுதத் தோன்றியது.

2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலம். 30 காலை ஒக்கி புயல். நடுவில் ஒரு இரவு. எங்கள் பக்கத்து விசைப்படகுகள் பத்து நாள், பதினைந்து நாள் ஆழ்கடலில் தங்கிப் பிடிப்பவை. செய்தி வந்தபோது அவர்கள் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. படகில் இருந்த வயர்லெஸ் கொஞ்சத் தூரம்தான் எட்டும். கரையில் இருந்த எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. கடலில் இருந்தவனுக்கு, வாடை திடீரென்று திசை மாறியதும் நீவாடு (நீரோட்டம்) இழுத்த இழுப்பும்தான் செய்தி. என் மச்சான் திரும்பி வரவில்லை.

அந்த நேரத்துப் பதிவுகளைப் பின்னால் ஒருநாள் உட்கார்ந்து தேடிப் படித்தேன். "சென்னைக்கு ஆபத்து இல்லை." "தமிழகத்தை விட்டு விலகிப் போகிறது." "அரபிக்கடலுக்குள் போய்விடும், கவலை வேண்டாம்." ஒன்றும் பொய் இல்லை, எல்லாம் அப்படியே நடந்தது. ஐயா, அது விலகிப் போன இடத்தில்தான் நாங்கள் இருந்தோம்.

அந்தப் பதிவுகளை யாரும் அழிக்கவில்லை. சரியான கணிப்பை யார் அழிப்பார்கள்?

#6 பூண்டி_வானம் · டிசம்பர் 5, இரவு 8.30

குமரிக்கடல் அண்ணா, இதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. "இலங்கைக்குப் போய்விடும்" என்று நான் எழுதியபோதும் அங்கே மனிதர்கள் இருந்தார்கள்.

#7 வடமராட்சி · டிசம்பர் 5, இரவு 9.05

அதை வாசித்துவிட்டுத்தான் வந்தேன். 2020 டிசம்பரில் புரெவி புயல் எங்களுடைய கிழக்குக் கரையால் ஏறி மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. அன்றும் உங்கள் பக்கத்தில் "இலங்கை தடுத்துவிடும்" என்று எழுதினார்கள். நாங்கள் மதில் இல்லை, தம்பி. பிறகு அது பாம்பனுக்குப் பக்கத்தில் நகராமல் நின்றது. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்ற படத்தை இங்கேயிருந்து பார்த்துக் கவலைப்பட்டோம்.

கோபமாக எழுதவில்லை. எங்களிடமும் இதே பழக்கம் உண்டு. "இந்தியாவுக்குப் போகிறது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடுவோம்.

#8 நெறியாளர் · டிசம்பர் 5, இரவு 9.40

அணைத் திறப்பு பற்றிய கட்சிச் சண்டையாக வந்த இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். இழையின் தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நான் அழித்தது கணிப்பை அல்ல, வசவை.

#9 பழைய_ஏடு (புதுச்சேரி) · டிசம்பர் 6, காலை 10.15

"எழுதத்தான் வேண்டுமா" என்று கேட்டீர்கள். நம் ஊர் வானிலை இயல் தொடங்கியதே சம்பளமில்லாதவர்களால்தான். கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தன் சொந்தக் கருவிகளை வைத்து ஒரு வானாய்வகம் தொடங்கினார். அவர் உத்தியோகம் வேறு, இது அவர் ஆசை. அதுதான் 1792இல் நுங்கம்பாக்கத்துக்குப் போனது. இன்றும் நாம் "நுங்கம்பாக்கத்தில் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்கிறோமே, அந்த இடம்.

இன்னொருவர் ஹென்றி பிடிங்டன். கப்பலோட்டி, பிறகு கல்கத்தாவில் வேலை. பிற கப்பல்களின் நாட்குறிப்புகளை வாங்கி வந்து, எந்த மணிக்கு எந்தத் திசைக் காற்று, அழுத்தம் எவ்வளவு என்று ஒன்றோடொன்று பொருத்திப் புயலின் சுழலை வரைந்தார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து "சைக்ளோன்" என்ற பெயரை உண்டாக்கி, 1848இல் மாலுமிகளுக்கான நூலில் எழுதியவர் அவர். 1853இல் கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றில் புதிய துறைமுகம் கட்டத் திட்டமிட்டபோது, அங்கே கட்டாதீர்கள், ஒருநாள் கடல் ஏறிவந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும் என்று கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேனிங் துறைமுகம் எழும்பியது. 1867 புயலில் அழிந்தது. பிடிங்டன் 1858இலேயே இறந்துவிட்டார்.

எழுதியபோது அந்தக் கடிதம் பொய்த்துப்போன கணிப்புதான். நான்கு வருடம், ஐந்து வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அச்சில் இருந்ததால்தான் இன்று நான் இதைச் சொல்கிறேன். அவர் இந்தக் காலத்து ஆளாக இருந்தால் 1855இல் அழித்திருப்பாரோ என்னவோ.

#10 வேகக்காற்று · டிசம்பர் 6, மதியம் 1.30

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். இனி "நாளை" எழுதமாட்டேன்.

ஆனால் இங்கே யாரும் தொடாத ஒன்று: புயலைப் போய்ப் பார்ப்பது. 2022 டிசம்பர் 9 இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் இரண்டு நண்பர்களும் காரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனோம். ராடாரில் பார்ப்பதும் நேரில் நிற்பதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். காற்று வேகமானியும் கொண்டுபோனேன்.

கண்ணாடியில் மணல் அடித்த சத்தம் கடுகு தாளிப்பதுபோல் இருந்தது. கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும். அப்போது முன்விளக்கு வெளிச்சத்தில் ஒரு தகரம், வீட்டுக் கூரைத் தகரம், சாலைக்குக் குறுக்கே போனது. பறந்தது என்று சொல்லமாட்டேன். யாரோ கையில் எடுத்துப்போவதுபோல் நிதானமாகப் போனது. சத்தமே கேட்கவில்லை. இரண்டு நொடி முன்னால் வந்திருந்தால் எங்கள் மேல்தான். திரும்பும் வழியில் மூவரும் பேசவில்லை.

முட்டாள்தனம் என்று தெரியும். ஆனாலும் நேரில் போகிறவன் கொண்டுவரும் தகவல் அறிவியலுக்கு வேண்டாமா?

#11 மழைமானி_மடிப்பாக்கம் · டிசம்பர் 6, மதியம் 1.52

வேண்டும். காற்று வேகம் எவ்வளவு இருந்தது? எத்தனை மணிக்கு? அழுத்தம்?

#12 வேகக்காற்று · டிசம்பர் 6, மதியம் 2.04

காணொளி எடுத்தேன் ஐயா. எண்ணைக் குறிக்கவில்லை.

#13 மழைமானி_மடிப்பாக்கம் · டிசம்பர் 6, மதியம் 2.06

நல்லது.

#14 டல்லாஸ்_தமிழ் · டிசம்பர் 6, இரவு 11.20

வேகக்காற்று தம்பிக்கு: நான் டெக்சஸில் இருக்கிறேன், புயல் துரத்துவோரின் தலைநகரத்துக்குப் பக்கத்தில் என்றே சொல்லலாம். இங்கே ஸ்கைவார்ன் என்று தன்னார்வப் பார்வையாளர் திட்டம் உண்டு. அரசு வானிலைச் சேவை இலவசமாக வகுப்பு எடுக்கிறது. நான் போனேன். வானத்தைப் பார்த்துக் கணிப்பது எப்படி என்று சொல்லித்தருவார்கள் என்று நினைத்தேன். கணிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேகத்தின் அடியில் சுழற்சி தெரிகிறதா, ஆலங்கட்டி எந்த நாணயத்தின் அளவு, எந்த இடம், எந்த மணி. ஒரு அங்குலம், அதாவது 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆலங்கட்டி என்றால் தீவிர வானிலை. காற்று மணிக்கு 93 கிலோமீட்டர் என்றாலும் அப்படியே. இதைப் பார்த்தால் கூப்பிட்டுச் சொல், மற்றதை எங்களிடம் விடு என்பதுதான் பாடம். ஏன் மனிதக் கண் வேண்டும் என்றால், தொலைவு போகப் போக ராடார் கதிர் தரையை விட்டு மேலே ஏறிவிடுகிறது. 200 கிலோமீட்டர் தள்ளி அது ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்தில் பார்க்கிறது. கீழே நடப்பதற்குக் கீழே நிற்கிறவன்தான் சாட்சி.

துரத்துவோரில் டிம் சமராஸ் என்று ஒருவர் இருந்தார். கல்லூரிப் பட்டம் இல்லாமல் தானே கற்றுப் பொறியாளரானவர். டொர்னாடோ (தரையைத் தொடும் சுழல்காற்று) வரும் வழியில் கருவியை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார். 2003இல் தெற்கு டகோட்டாவில் அப்படி வைத்த கருவியின் மேலேயே டொர்னாடோ ஏறிப்போய், 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சி பதிவானது. அவரைவிடக் கவனமானவர் இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில், 4 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான டொர்னாடோவில், அவரும் அவர் மகனும் உடன் சென்ற நண்பரும் காரோடு போனார்கள். கவனமானவருக்கே அப்படி என்றால், எண்ணைக் குறிக்காதவர் வீட்டில் இருப்பது மேல். தவறாக நினைக்காதீர்கள் தம்பி.

#15 வேகக்காற்று · டிசம்பர் 7, காலை 8.10

நினைக்கவில்லை அண்ணா. வேகமானி அப்படியே பெட்டியில்தான் இருக்கிறது. மொட்டை மாடியில் பொருத்தலாமா என்று பார்க்கிறேன்.

#16 மயிலம்_ரோடு (விழுப்புரம் மாவட்டம்) · டிசம்பர் 7, இரவு 8.25

ஒரு வாரம் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. இன்றுதான் இந்த இழையைப் பார்த்தேன். அழித்த பதிவு, அழிக்காத பதிவு எல்லாம் இருக்கட்டும். நீங்கள் எழுதவே எழுதாத பதிவைப் பற்றிச் சொல்கிறேன்.

நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் கரையைக் கடந்தது. பதினொன்றரை மணிவாக்கில் எனக்கு வந்த செய்திகள் எல்லாம் "முடிந்தது", "நல்லபடியாகக் கடந்தது", "நன்றி, தூங்கப் போகிறோம்." சென்னைக்காரர்களுக்கு முடிந்தது. எங்களுக்கு அப்போதுதான் தொடங்கியது. அது கரை ஏறிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. வீட்டு மழைமானியை அந்த இரவில் நான்கு முறை ஊற்றிவிட்டு வைத்தேன். நான்காவது முறை போனபோது முற்றத்தில் முழங்கால் தண்ணீர். அதற்குமேல் போகவில்லை. ஆகவே என் கணக்கு முழுமையானதல்ல. மயிலத்தில் அரசுக் கணக்கு 51 சென்டிமீட்டர்.

மறுநாள் அது உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. கடலிலிருந்து எவ்வளவு தூரம் ஊத்தங்கரை! திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் போனார்கள். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வந்து, தென்பெண்ணை இரு கரையும் கொள்ளாமல் ஓடியது. நம்மில் யார் ஊத்தங்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்? எல்லாருக்கும் கண் வேண்டும், சுழல் வேண்டும், கரையைக் கடக்கும் நிமிடம் வேண்டும். கடந்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடுகிறது, தேர் நிலைக்கு வந்ததுபோல.

#17 ஆறுமுகநேரி_ஆசிரியை · டிசம்பர் 7, இரவு 9.02

மயிலம் ரோடு சொல்வதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறேன். எங்களுக்கு வந்ததற்குப் பெயர்கூட இல்லை.

2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த நாள். "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று என் மாமியார் அன்று காலைதான் சொன்னார். மறுநாள் காலை வரை காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கானோர் தண்ணீர் நடுவே மாட்டிக்கொண்டார்கள். அது புயல் இல்லை, தாழ்வு மண்டலம்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்குச் சுழற்சி. பெயர் வைக்காததால் பயமும் வரவில்லை. இரண்டு வாரம் முன்னால் மிக்ஜாம் புயல் என்றதும் தொலைக்காட்சி முழுவதும் அதுவாகவே இருந்தது. எங்கள் மழைக்கு "கனமழை வாய்ப்பு" என்ற வரிதான்.

பூண்டி வானம் தம்பி, எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். அன்று மாலை ஒரு கல்லூரிப் பையன் எங்கள் தெருக் குழுவில் "மேகம் நகரவில்லை, திரும்பத் திரும்ப அதே இடத்தில் உருவாகிறது, கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் இன்று இரவு மாடிக்குப் போய்விடுங்கள்" என்று எழுதினான். எத்தனை சென்டிமீட்டர் என்று அவன் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியாது. நாங்கள் அரிசி மூட்டையையும் மாமியாரையும் மேலே ஏற்றினோம். இரவு இரண்டு மணிக்குக் கீழே கட்டில் மிதந்தது.

#18 தேங்காய்க்கீற்று · டிசம்பர் 7, இரவு 9.15

இதைத்தான் சொன்னேன் அக்கா. எண் இல்லை, வேலை இருக்கிறது.

#19 மழைமானி_மடிப்பாக்கம் · டிசம்பர் 7, இரவு 10.30

அந்தப் பையனை மெச்சுகிறேன். ஆனால் எண் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வருவதைப் பற்றிய எண்ணை விடுங்கள், பெய்து முடிந்ததன் எண்ணை எழுதுங்கள். அதில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு வேலை. அமெரிக்காவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் 1997 ஜூலையில் ஒரு பக்கம் வெள்ளக்காடு, சில கிலோமீட்டர் தள்ளிச் சாதாரண மழை. நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல அரசுக் கருவி போதவில்லை. மறு வருடமே வீட்டுக்கு வீடு மழைமானி வைத்துத் தினமும் அளந்து அனுப்பும் தன்னார்வ வலை அங்கே தொடங்கியது. இன்று அது அமெரிக்கா முழுவதும் இருக்கிறது. அவர்கள் முக்கியமாகக் கேட்பது என்ன தெரியுமா? மழையில்லாத நாளிலும் பூஜ்யத்தை எழுது. வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு.

புதிதாக வைக்க நினைப்பவர்களுக்கு: மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, திறந்த இடத்தில் வையுங்கள். விளிம்பு மட்டமாக இருக்க வேண்டும். அளவைக் குடுவையை மேசையில் வைத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நீரின் வளைவுக்கு அடிப்பகுதியைப் படியுங்கள். பலத்த காற்றில் எந்த மழைமானியும் குறைவாகவே காட்டும், அதற்கு வழியில்லை. தானியங்கிக் கருவி வாங்கினால் அதற்குள் எறும்பு குடியேறும். என்னுடையதில் ஒரு முறை பல்லி முட்டை இருந்தது. அந்த மாதம் மடிப்பாக்கத்தில் வறட்சி.

#20 பூண்டி_வானம் · டிசம்பர் 9, இரவு 9.50

இரண்டு நாள் யோசித்துவிட்டு இதைச் செய்தேன்.

அழித்த பதிவைக் குழுவில் யாரோ படம் எடுத்து வைத்திருந்தார். தேடி வாங்கினேன். அதை மறுபடியும் குழுவில் போட்டு, மேலே எழுதினேன்: "2023 ஜனவரி 31 அன்று நான் எழுதியது. பாதை சரியாக இருந்தது, மழை தவறிவிட்டது. மையத்துக்கு வடக்கே கொண்டல் காற்று குவியும் இடத்தில் நம் ஊர் இருந்ததை நான் பார்க்கவில்லை. பின்னர் இதை அழித்தேன். அழித்திருக்கக் கூடாது." நானூறு பேர் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் பதில் எழுதினார்: "இப்போது எதற்கு இது? சம்பாவுக்கு யூரியா போடலாமா, அதைச் சொல்."

இன்று காலை சித்தப்பா வயலுக்குப் போனேன். மழைமானி வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டைச் சுற்றித் தென்னை, இடம் சரியில்லை. களத்துமேட்டில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். பழைய பதிவைப் பற்றியும் சொன்னேன். "நீ சொன்னதற்காக நான் நிறுத்தவில்லையே. ஈரப்பதத்துக்காக நிறுத்தினேன்" என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. கம்பத்தை அவரே நட்டார். மாடு உரசும் என்று சுற்றிலும் முள் கட்டினார்.

அடுத்த தாழ்வுப் பகுதி வருகிறது. நான் எழுதியது இது: "டிசம்பர் 11 காலை 8.30 முதல் 13 காலை 8.30 வரை. நம் மூன்று ஊருக்கும் கனமழை வாய்ப்பு அதிகம். எவ்வளவு என்று சொல்ல முடியாது. வடிகால் வாய்க்கால் அடைப்பை நாளைக்குள், அதாவது 10ஆம் தேதிக்குள், எடுத்துவிடுங்கள். உரம் போடாதீர்கள். இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் மழை இருக்கும்."

#21 குமரிக்கடல் · டிசம்பர் 9, இரவு 10.20

கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி சேருங்கள் தம்பி.

#22 பூண்டி_வானம் · டிசம்பர் 9, இரவு 10.24

சேர்த்துவிட்டேன் அண்ணா.

#23 பூண்டி_வானம் · டிசம்பர் 12, காலை 8.52

நான் கிளம்புவதற்கு முன்பே சித்தப்பா கூப்பிட்டுவிட்டார். "தம்பி, எண்பத்தி மூணா, எண்பத்தி நாலா என்று தெரியவில்லை, வந்து பார்." குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. குடுவையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தோம்: 83.6 மில்லிமீட்டர். அவர் நெல் கணக்கு எழுதும் நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதினார்: "11ஆம் தேதி மழை, 83.6."

#24 மழைமானி_மடிப்பாக்கம் · டிசம்பர் 12, காலை 8.58

12ஆம் தேதிக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். எந்தக் காலை அளந்தோமோ அந்தத் தேதி. அடித்து எழுதலாம், தாளைக் கிழிக்க வேண்டாம்.